கடைக்கணக்கு ஒற்றைக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வரட்டும்: டெல்டா வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட வணிகர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டன் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் நான். பாத்திரக்கடை, உரக்கடை, மருந்துக்கடை, அரிசி ஆலை, லாட்ஜ் என்று உங்கள் உறுப்பினர்கள் பலருடைய கணக்கு என் மேசைக்கு வந்து போகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். உறுப்பினர்களின் பில், கணக்கு, சரக்கு இருப்பு மூன்றும் கடையில் இருக்கும் அந்த ஒரு கம்ப்யூட்டரை விட்டு வெளியே வர வேண்டும். சந்தா கட்டி இணையம் வழியாகப் பயன்படுத்தும் கிளவுட் மென்பொருளுக்கு அவர்கள் மாறுவதற்கு, சங்கம் முன்னால் நின்று பேரம் பேசிக் கொடுக்க வேண்டும்.

எந்தக் கடைக்குப் போனாலும் நான் பார்ப்பது ஏறக்குறைய ஒன்றைத்தான். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் என்றோ ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய, சில இடங்களில் காசே கொடுக்காமல் யாரோ ஏற்றிவிட்டுப் போன, பில் மென்பொருள். யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது, எந்தச் சரக்கு எந்த விலைக்கு வந்தது, எந்த மாதம் எவ்வளவு வரி கட்டினோம் எல்லாம் அதற்குள்தான். பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டால் ஒரு பென்டிரைவை எடுத்துக் காட்டுவார்கள். அது அதே மேசையின் இழுப்பறையில் இருக்கும். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் உடனே வராது.

ஜிஎஸ்டி சட்டப்படி ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டன் போட வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு ஹார்ட் டிஸ்க் அத்தனை காலம் கெடாமல் ஓடும் என்ற நம்பிக்கையில் வியாபாரம் செய்ய முடியாது. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றுபோனது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டபோது மாட்டிக்கொண்டவை, இப்படித் திருத்தம் ஏற்றாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான். அந்த மாதிரிக் கம்ப்யூட்டர்கள் நம் கடைத்தெருக்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் செருகிய பென்டிரைவ் அடுத்து என்னைப் போன்றவரின் கம்ப்யூட்டருக்கு வருகிறது, அங்கிருந்து இன்னொரு கடைக்குப் போகிறது.

கிளவுட் என்றதும் படித்த பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் பக்கத்தில் எத்தனை விவசாயிகள் அறுவடை இயந்திரத்தை விலைக்கு வாங்குகிறார்கள்? அறுப்பு நாளில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி வயலில் இறக்குகிறார்கள். டிரைவரும், பெல்ட் அறுந்தால் மாற்றுவதும் இயந்திரக்காரர் பாடு. கிளவுட் மென்பொருளும் அதே ஏற்பாடுதான். மென்பொருளும் அது ஓடும் சர்வரும் விற்கும் நிறுவனத்தின் பொறுப்பு. சர்வர்கள் சென்னை, மும்பை, ஐதராபாத் போன்ற ஊர்களில் உள்ள தரவு மையங்களில் இருக்கும். நாம் கடையிலிருந்தபடி பிரவுசரிலோ மொபைல் ஆப்பிலோ உள்ளே போய் பில் போடுகிறோம். பராமரிப்பு, பேக்கப், புதிய பதிப்பு எதற்கும் நாம் ஆள் தேட வேண்டியதில்லை. மாதத்துக்கோ வருடத்துக்கோ சந்தா. ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு ஒன்றுக்குப் போகலாம்.

சொல்லப்போனால் நம் வியாபாரிகள் இதற்குள் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டார்கள். கியூஆர் கோடு ஒட்டாத பூக்கடை கூட இன்று இல்லை. உரக்கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் மானிய உரத்தை விவசாயியின் ஆதார் போன்ற அடையாளத்தை மெஷினில் பதிந்துதான் விற்க முடிகிறது. கடையில் எத்தனை மூட்டை யூரியா மிச்சம் என்பது அந்த நிமிடமே மத்திய அரசின் சர்வருக்குப் போய்விடுகிறது. அதே கடையில் பூச்சிமருந்து எவ்வளவு இருக்கிறது என்பது முதலாளிக்கு ராத்திரி அலமாரியை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். தன் கடையின் நிலவரம் அரசுக்குத் தெரியும் வேகத்தில் தனக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு வியாபாரி ஆசைப்படுவது நியாயம்தானே?

நம் ஊர்களுக்கு இது மற்ற ஊர்களைவிட அதிகம் தேவைப்படுவதற்கு முதல் காரணம், நாம் இருக்கும் இடம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்தை ஒட்டி கஜா புயல் கரையேறியதை உங்களில் யாரும் மறந்திருக்க முடியாது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கங்களில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்து, எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நாகப்பட்டினம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கட்டினால் கடைமடை ஊர்களில் ஆற்றுத் தண்ணீர் எந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. கரண்ட் இல்லை, டவர் இல்லை என்றால் கிளவுடும் அந்த நாட்களில் வேலை செய்யாது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நின்றதும் கேட்பது சரக்கு இருப்புப் பட்டியலும் கொள்முதல் பில்களும். கடன் கொடுத்த வங்கியும் அதைத்தான் கேட்கும். நனைந்துபோன கம்ப்யூட்டரோடு நிற்பவர் எதைக் காட்டுவார்? கணக்கு வெளியூர் சர்வரில் இருந்தால், திருச்சியில் இருக்கும் மகள் வீட்டில் உட்கார்ந்தே அவர் அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

இங்கே ஒரு விஷயம். சென்னையும் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. அதனால் எந்த நிறுவனத்திடம் பேசினாலும், எங்கள் தரவின் இரண்டாவது நகல் வேறு ஊரில் இருக்கிறதா என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். நல்ல நிறுவனங்கள் தயங்காமல் பதில் சொல்லும்.

அடுத்தது வரி. என் பிழைப்பே இதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததிலிருந்து விதிகள் ஓரிடத்தில் நின்றதில்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. ஒரே நெல், ஒரே அரவை, 25 கிலோ மூட்டைக்கு வரி உண்டு, 26 கிலோவுக்கு இல்லை. பில் போடும் பையன் ஒரு வரியில் தப்பாகத் தட்டினால் அந்தத் தப்பு மாத ரிட்டன் வரைக்கும் கூடவே வரும்.

2025 செப்டம்பரில் நடந்தது இன்னும் பெரிது. 3ஆம் தேதி கவுன்சில் கூட்டத்தில் முடிவு, 22ஆம் தேதி முதல் அமல். 12, 28 சதவீத அடுக்குகள் ஏறக்குறைய இல்லாமல் போயின. நெய்யும் வெண்ணெயும் 12லிருந்து 5க்கு இறங்கின. சோப்பு, ஷாம்பு, பற்பசை 18லிருந்து 5க்கு வந்தன. சிமென்ட் 28லிருந்து 18 ஆனது. அந்த 22ஆம் தேதிதான் நவராத்திரி ஆரம்பம், மளிகையிலும் ஜவுளியிலும் கூட்டம் ஏறும் நேரம். பழைய மென்பொருள் வைத்திருந்த கடைகளில் ஆயிரக்கணக்கான சரக்குகளின் வரி விகிதத்தை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டியிருந்தது. ஆள் வந்து மாற்றித் தருவார் என்று காத்திருந்த கடைகளும் உண்டு. இடையில் போட்ட பில்களில் பழைய வரியும் புதிய வரியும் கலந்து கிடந்தன. கிளவுட் மென்பொருளில் இந்த மாற்றத்தை நிறுவனம் தன் பக்கத்தில் ஒரே இடத்தில் செய்கிறது. நம் சரக்குப் பட்டியலை ஒருமுறை சரிபார்த்து ஒப்புக்கொள்ளும் வேலை நமக்கு மிச்சம் இருக்கும், அதைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் மறுநாள் காலை கடை திறக்கும்போது பில்லில் சரியான வரி இருக்கும்.

இ-இன்வாய்ஸ் வந்த கதையையும் நினைத்துப் பாருங்கள். 2020 அக்டோபரில் ஆண்டு விற்றுமுதல் 500 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்தது. நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி தாண்டியவர்கள் அனைவருக்கும் கட்டாயமாகிவிட்டது. 500 கோடி என்ற காலத்தில் நமக்கு இது எங்கே வரப்போகிறது என்று இருந்த அரிசி ஆலைகளும் மொத்த வியாபாரிகளும் இன்று மற்ற வியாபாரிகளுக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் அரசு போர்ட்டலில் பதிந்து எண் வாங்க வேண்டியிருக்கிறது. பழைய மென்பொருளில் பில் போட்டு, அதையே மறுபடி போர்ட்டலில் தட்டுகிறவர்களை நான் அறிவேன். ஒரே பில்லுக்கு இரண்டு வேலை. கிளவுட் மென்பொருளில் பில்லை முடித்ததும் அந்த எண்ணும் கியூஆர் கோடும் தானாக வந்து விழுந்துவிடும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு ஏற்றினால் வேண்டிய இ-வே பில்லும் அங்கேயே எடுக்கலாம், லாரி செட்டில் டிரைவரைக் காக்க வைக்க வேண்டாம்.

உள்ளீட்டு வரி, அதாவது கொள்முதலில் நாம் கொடுத்து, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி. இதைப் பற்றி நான் உறுப்பினர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. 2022 ஜனவரி முதல், நமக்குச் சரக்கு விற்றவர் தன் ரிட்டனில் அந்த பில்லைக் காட்டி, அது ஜிஎஸ்டி போர்ட்டல் நமக்காகத் தயாரிக்கும் 2பி என்ற கொள்முதல் பட்டியலில் வந்தால்தான் அந்த வரியை நாம் கழித்துக்கொள்ள முடியும். 2பி மாதம் 14ஆம் தேதி தயாராகும். வரியைக் கட்டிப் போட வேண்டிய 3பி என்ற மாத ரிட்டனுக்கு 20 வரை நேரம். நடுவில் இருப்பது சில நாட்கள். கடையிலிருந்து பென்டிரைவ் எனக்கு 18ஆம் தேதி வருகிறது. அதற்குள் எந்த மொத்த வியாபாரி பில்லைக் காட்டவில்லை என்று கண்டுபிடித்து, அவருக்குப் போன் போட்டு, அவர் திருத்துவது நடக்கிற காரியமா? அந்த மாதம் அந்த வரியைக் கையிலிருந்து கட்டுகிறார் கடைக்காரர். பல கடைகளில் இப்படி முடங்கிக் கிடக்கும் பணம், ஒரு வருடச் சந்தாவைவிட அதிகம். கணக்கு கிளவுடில் இருந்தால் 5ஆம் தேதியே என் ஆபீசில் இருந்து உள்ளே போய்ப் பார்த்துவிடுவேன். 2பியைத் தானே இறக்கிக் கொள்முதல் பில்களோடு பொருத்திக் காட்டும் வசதி இப்போது பல மென்பொருள்களில் இருக்கிறது. தேதி தவறி 3பி போட்டால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இரண்டும் யாருக்கும் பிரயோஜனமில்லாத செலவு.

கடைக்குள் நடப்பதற்கு வருகிறேன். பில் போடும் பெண்ணுக்கு பில் போடும் அனுமதி மட்டும், கொள்முதல் விலை தெரியாமல். குடோன் பொறுப்பாளருக்குச் சரக்கு வரவும் இருப்பும் மட்டும். எனக்கு வரி சம்பந்தப்பட்டவை. முதலாளிக்கு எல்லாம். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். யார், எந்த நேரத்தில், எந்த பில்லைத் திருத்தினார்கள் என்பது பதிவாகிவிடும், அதை அழிக்க முடியாது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானவர்களுக்கு இந்தத் திருத்தப் பதிவு உள்ள மென்பொருள் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். தனிநபர் கடைகளுக்குச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. ஆனாலும் எல்லாக் கடைகளுக்கும் இது வேண்டும் என்பதே என் கருத்து, அதுவும் வேலை பார்க்கிறவர்களின் பொருட்டு. கல்லாவில் பணம் குறைந்தால் முதல் சந்தேகம் சம்பளக்காரர் மேல்தான் விழுகிறது. எல்லோரும் ஒரே பெயரில் உள்ளே போகும் கம்ப்யூட்டரில், தப்புச் செய்யாதவர் தன்னை நிரூபிக்க வழியே இல்லை. அப்படிப் பெயர் கெட்டு வேலையை விட்டுப் போன பெண்களை எனக்குத் தெரியும்.

நம் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அப்பா எழுபது வயதில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முடியாமல் போனால் கடை என்ன நிலைமையில் இருக்கிறது என்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. பாக்கிக்காரர்கள் பட்டியல் அவர் தலைக்குள் இருக்கும். கணக்கு கிளவுடுக்குப் போனால் அங்கிருந்தே மகளோ மகனோ தினம் பார்க்கலாம், வசூலுக்கு நினைவூட்டல் அனுப்பலாம். அப்பாவுக்குப் பிறகு கடையை மூடிவிடுவதா, நடத்துவதா என்று முடிவெடுக்கும்போது அவர்கள் கையில் உண்மையான கணக்கு இருக்கும். நல்ல பெயரோடு இருந்த கடைகள் இந்த ஒரு காரணத்தால் பூட்டிக்கிடப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

2028 மாசியில் மகாமகம் வருகிறது. 2016ல் கும்பகோணம் கண்ட கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லாட்ஜ், ஓட்டல், பாத்திரக்கடை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்கும் கடைகள், திருபுவனம் பட்டு விற்கும் கடைகள் எல்லாவற்றுக்கும் அந்தச் சில வாரங்கள் ஒரு வருட வியாபாரம். நாலு கவுண்ட்டர் அதிகமாகப் போட வேண்டும், தற்காலிக ஆட்களை எடுக்க வேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு கவுண்ட்டருக்கும் லைசென்ஸ் விலைக்கு வாங்க வேண்டும், திருவிழா முடிந்ததும் அது சும்மா கிடக்கும். சந்தா முறையில் ஆள் கணக்கு வைத்துக் கட்டணம் வாங்கும் திட்டங்களில் இரண்டு மாதத்துக்குப் பயனர்களைக் கூட்டிவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் நாகூர் கந்தூரிக்கும் அங்குள்ள லாட்ஜ்காரர்களுக்கு வருடா வருடம் இதே தேவைதான்.

பணக்கணக்கு. ஒருமுறை வாங்கிப் பல வருடம் ஓட்டுவதைவிட சந்தா மொத்தத்தில் அதிகமாகாதா என்று கேட்கிறார்கள். ஐந்தாறு வருடத் தொகையை மட்டும் கூட்டினால் சில மென்பொருள்களில் ஆகும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதிர்ப்பக்கத்தில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று பாருங்கள். ஒருமுறை வாங்குவதற்கும் வருடாந்திரப் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. கம்ப்யூட்டர் மாற்றும் செலவு, ரிப்பேர் பார்க்க வருபவருக்குக் கொடுப்பது, கெட்டுப்போன நாள் நின்ற வியாபாரம், முடங்கிய உள்ளீட்டு வரி என்று வரிசை நீள்கிறது. வருமான வரியிலும் வித்தியாசம் இருக்கிறது. விலைக்கு வாங்கிய மென்பொருளுக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம்தான் கழிக்க முடியும், அதுவும் வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. சந்தாவை அந்த வருடச் செலவாக முழுவதும் எழுதலாம். சந்தா மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியை வழக்கமான முறையில் வரி கட்டும் கடைகள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேல், நம் பக்கத்துப் பணம் மாதா மாதம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. மேட்டூர் ஜூன் 12 திறந்தால் குறுவை, இல்லாவிட்டால் கை கட்டி உட்கார வேண்டும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, தை மாசியில் விவசாயி கையில் காசு வந்தால்தான் நம் கடைகளில் பாக்கி வசூலாகும். ஆவணியில் முப்பதாயிரம் நாற்பதாயிரத்தை மொத்தமாக மென்பொருளில் போடு என்றால் யாரால் முடியும்? மாதச் சந்தாவில் ஆரம்பித்துப் பார்த்துவிட்டு, மாசியில் பணம் புரளும்போது வருடத்துக்குக் கட்டித் தள்ளுபடி வாங்குங்கள் என்றுதான் நான் சொல்லிவருகிறேன்.

எல்லாருக்கும் இது தேவை என்றும் நான் நினைக்கவில்லை. ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத டீக்கடையும், நாலு கூடை காய் விற்கும் அம்மாவும் நோட்டில் எழுதினால் போதும். அவர்களிடம் போய் ஆப் விற்பது பாவம். வருடத்தில் நாலு மாதம் கல்யாண வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோக்காரருக்குச் சந்தா சுமைதான். அடோபி 2013ல் போட்டோஷாப்பின் புதிய பதிப்புகளைச் சந்தாவில் மட்டுமே தரத் தொடங்கியதிலிருந்து அவர்கள் படும் சிரமம் எனக்குத் தெரியும். வருட ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் காட்டி, நடுவில் நிறுத்தினால் கட்டணம் பிடிக்கும் திட்டங்களும் சந்தையில் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டு அல்லது யுபிஐ வழியாகத் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்தால், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு நமக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடக் கூடாது.

என் கணக்கு ஊரான் சர்வரிலா என்ற பயம் நியாயமானது. வியாபாரக் கணக்கு குடும்பக் கணக்கு மாதிரி, வெளியே போகக் கூடாது. நான் கேட்பது, இப்போது அது எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பதைத்தான். பூட்டாத இழுப்பறையில் பென்டிரைவ், எல்லாருக்கும் தெரிந்த ஒரே கடவுச்சொல், கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போகும்போது கூடவே போகும் கணக்கு. இதைவிட, போனுக்கு ஓடிபி வந்தால்தான் திறக்கும் கணக்கு பத்திரம். அந்த ஓடிபியை யாரிடமும் சொல்லாமலிருப்பது நம் கையில். இணையம் நின்றால் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. நெட் இல்லாதபோதும் பில் போட்டு, வந்ததும் தானாக ஏற்றிக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. சில்லறைக் கடைகள் அந்த வகையைத்தான் எடுக்க வேண்டும். கடையில் ஒரு ஃபைபர் இணைப்பு, அது போனால் போன் ஹாட்ஸ்பாட், ஒரு யுபிஎஸ். திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் சிக்னல் சரியில்லாத ஊர்களில் மாறுவதற்கு முன் ஒரு மாதம் பழைய முறையோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இப்போது சங்கம் ஏன் வேண்டும் என்பதற்கு வருகிறேன். தனிக் கடைக்காரர் நிறுவனத்துக்குப் போன் போட்டால், அவர் ஆயிரத்தில் ஒருவர். நம் வியாபாரத்தின் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. கும்பகோணம் பாத்திரக்கடையில் ஒரு குடத்தை எடை போட்டு விற்கிறோம், டம்ளரை எண்ணி விற்கிறோம், வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய பித்தளையை எடுத்துக்கொண்டு மீதிக்கு பில் போடுகிறோம். வெற்றிலைக்குக் கவுளிக் கணக்கு. நெல்லுக்கு மூட்டை. கடனுக்குக் கொடுத்துவிட்டு அறுவடைக்கு வசூலிக்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. இவற்றுக்கெல்லாம் இடம் இல்லாத மென்பொருளை வாங்கினால் ஒரே மாதத்தில் நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இருநூறு கடைகள் சேர்ந்து, இது இருந்தால்தான் வாங்குவோம் என்று சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் கேட்டால் நிறுவனம் செய்து கொடுக்கும். விலையும் இறங்கும். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கே கிளவுட் மென்பொருள் விற்கிறது ஜோஹோ. டேலி பெங்களூரில் இருக்கிறது. வேறு பலரும் இருக்கிறார்கள். இவர்களிடம் தமிழில் பேசும் உதவியாளரையும் தமிழில் பில்லையும் கேட்டு வாங்க நமக்கு என்ன தயக்கம்? இன்னாரிடம்தான் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த நிறுவனத்திடமும் எனக்குக் கமிஷன் கிடையாது.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைப்பது, வெளியேறும் உரிமை. சந்தாவை நிறுத்தினாலும் பழைய கணக்கு முழுவதையும் எக்செல் போன்ற பொது வடிவத்தில் இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். 72 மாதம் கணக்குக் காட்ட வேண்டியவர் நாம், நிறுவனம் இல்லை. சந்தா தீர்ந்தால் உடனே பூட்டிவிடாமல், பார்க்கவும் இறக்கவும் சில மாதமாவது அனுமதி வேண்டும். விலை ஏற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும், குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒரே விலை. தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். கம்பெனிகளுக்கு, கணக்கின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022 முதலே விதி இருக்கிறது, அதையே எல்லாக் கடைகளுக்கும் கேட்போம். கூடவே, உறுப்பினர் ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் கணக்கின் நகலை இறக்கித் தன் கையிலும் வைத்துக்கொள்ளச் சங்கம் பழக்க வேண்டும்.

அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்து, பாத்திரம், அரிசி, உரம், மருந்து, ஜவுளி, லாட்ஜ் தொழில்களிலிருந்து ஆளுக்கொருவர் என்று ஒரு சிறு குழு அமையுங்கள். அதில் பெண்கள் இருக்கட்டும், ஏனென்றால் நம் கடைகளில் பில் போடுவது பெரும்பாலும் அவர்கள். அந்தக் குழு மூன்று நான்கு நிறுவனங்களைச் சங்கக் கட்டடத்துக்கே வரவழைத்து, நம் கடையின் உண்மையான பில்லை வைத்துப் போட்டுக் காட்டச் சொல்லட்டும். பிறகு பத்துக் கடைகளில் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். ஏப்ரல் 1 புது நிதியாண்டு, அன்று மாறினால் இருப்பும் பாக்கியும் சுத்தமாக ஏறும். வருடத்தின் நடுவில் மாறுவதைத் தவிருங்கள். சரஸ்வதி பூஜைக்குள் குழு வேலையைத் தொடங்கினால் ஏப்ரலுக்குச் சரியாக வரும். மகாமகத்துக்கு முன்னால் கும்பகோணம் கடைகளுக்கு ஏறக்குறைய ஒரு வருடப் பழக்கமும் கிடைத்துவிடும்.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். என்னைப் போல இந்த வேலை பார்க்கும் நண்பர்கள் தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் இருக்கிறார்கள், அவர்களிடமும் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சங்கக் கட்டடத்துக்கு வந்து, பில் போடும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். இதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

செயற்குழுத் தேதியை மட்டும் தெரிவியுங்கள். நேரில் வந்து எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்களின் கணக்குகளைக் கையாளும் வரிக் கணக்குப் பணியாளர்,
கும்பகோணம்